அது சீத்தாப்பழம் இல்லை

சீத்தாப்பழத்துக்கு இந்த உலகத்தில் ஒரே பெயர்தான் உண்டு. சீத்தாப்பழம். இதை நான் ஒன்பது வயதில், கொழும்பில் ஒரு வீட்டுக் கூடத்தில், சாமி விளக்கைத் தொட்டுச் சத்தியம் பண்ணிச் சொன்னவள். இன்றைக்கும் மாற்றிக்கொள்வதாக இல்லை. கடைக்காரர் அதைக் கஸ்டர்டு ஆப்பிள் என்று சொன்னால் எடுத்த பழத்தைத் தட்டில் போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவேன். கூட வருகிற என் மருமகள் தலையில் அடித்துக்கொள்கிறாள். அடித்துக்கொள்ளட்டும்.

அந்தச் சத்தியம் என் அக்காவால் வந்தது. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவளைக் கொழும்பில் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தானுடைய தாத்தா விருதுநகரில் இருந்து மிளகாய் வத்தலும் மல்லியும் கொண்டுபோய்ப் புறக்கோட்டையில் கடை போட்டவர். அப்புறம் அந்தக் குடும்பம் அங்கேயே வேர் பிடித்துவிட்டது. அத்தானின் அம்மா பிறந்ததும் வளர்ந்ததும் கொழும்பில்தான். அக்கா கல்யாணத்துக்காகத்தான் முதல் தடவையாக நம் மண்ணை மிதித்தார்.

கல்யாணத்தில் அத்தான் இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மணவறையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்துப் பெண்கள் அதைப் பார்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். அத்தானின் அம்மா சட்டென்று திரும்பி, எல்லார் காதிலும் விழும்படியே சொல்லிவிட்டார். அத்தான் வயிற்றில் இருக்கும்போது தனக்குப் பலாப்பழத்தின் மேல் ஆசை வந்ததாம். மாமியாரிடம் கேட்டாராம். மாமியார் தரவில்லையாம். வயிற்றுப்பிள்ளைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காது வடியும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுப் பெண்களும் சொல்வதுதான். ஆனால் அவர் அதைச் சாட்சியோடு கையில் வைத்திருந்தார். "பாருங்க, இம்புட்டு வயசுக்கப்புறமும் பஞ்சு வைக்கிறான்" என்று மகனின் காதைத் திருப்பிக் காட்டினார். அத்தானும் கூச்சப்படாமல் காட்டினார்.

மறு வருடம் அக்கா உண்டானாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், அதில் பேச்சே கிடையாது. ஏழாம் மாதம் போய் வளையல் போட்டுக் கூட்டி வரவேண்டும். அம்மா அக்காவுக்காக அறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, தொட்டில் கட்ட உத்தரத்தில் வளையமும் மாட்டிவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கொழும்பில் இருந்து வந்த விருதுநகர் வியாபாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, எழுந்து செருப்பைப் போடும்போது, "பிரசவம் அங்கனதான் பாக்கப் போறாகளாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு அப்போது தீபாவளி சீசன். சிவகாசியில் எங்களுக்கு ஒரு சின்ன அச்சகம் இருந்தது. வெடிக் கட்டுகளுக்கு லேபிள் அடிப்போம். கிளிப் படம், ரயில் படம், உலக உருண்டைப் படம். சீசனில் மை காய்வதற்குள் அடுத்த ஆர்டர் வந்து நிற்கும். அப்பா சாப்பிட வீட்டுக்கு வருவதே அபூர்வம். "தீபாவளி முடியட்டும், நானே போயிப் பேசிக் கூட்டியாறேன்" என்றார்.

அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "தீபாவளி முடியட்டும்னு வயித்துல இருக்கிற பிள்ளைகிட்டப் போயிச் சொல்லுங்க. அது கேட்டுச்சுன்னா நானும் கேக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பீரோவைத் திறந்து புடவைகளை எடுத்து மடிக்கத் தொடங்கிவிட்டாள். அப்பா அச்சகத்துக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் பெரிய முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்பட்டன.

துணைக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். மத்தாப்புக்குப் போடுகிற வெள்ளிப் பொடி உள்ளங்கை ரேகைகளில் ஏறி, எவ்வளவு சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாமல் பளபளவென்று மின்னும். என்னை ஏன் கூட்டிப் போனார்கள் என்று கேட்டால், கூட்டிப் போகாவிட்டால் தெருவில் உருண்டிருப்பேன் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோவதற்குச் சில வருடங்கள் முந்திய காலம் அது. மதுரை போய், அங்கிருந்து தனுஷ்கோடி போய், கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி மறுபடியும் ரயில். தலைமன்னாரில் சுங்க அதிகாரி மாமாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். பெட்டி முழுவதையும் கொட்டிக் கிளறினார்கள். மாமா ஒரு கம்பி மத்தாப்புகூடக் கொண்டுவரவில்லை. கையைத்தான் கொண்டுவந்திருந்தார், அதை வீட்டில் வைத்துவிட்டு வர முடியாதே. அம்மா கொண்டுவந்த கண்ணாடி வளையல்களைக்கூட ஒன்று விடாமல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். அம்மாவுக்கு வந்த கோபத்தில் கப்பல் மயக்கம்கூடத் தெளிந்துவிட்டது.

அத்தான் வீடு கொட்டாஞ்சேனையில் இருந்தது. முன்பக்கம் ஒடுங்கி உள்ளே நீண்டுகொண்டே போகிற வீடு. அக்கா வாசலில் நின்றாள். வயிறு பெரிதாக இருந்தது, முகம் சின்னதாகிவிட்டிருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். "எம்புட்டு வளந்துட்ட ஏட்டி!" என்று என் கன்னத்தைப் பிடித்தாள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு உள்ளே போய் ஒரு தட்டில் பழத்தை நறுக்கி எடுத்துக்கொண்டு வந்து, என் அக்கா, என்னை வளர்த்தவள், "இந்தா, பப்பாசி தின்னு" என்றாள்.

தட்டில் இருந்தது பப்பாளி. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நிற்கிறதே, அக்காவே தொரட்டி போட்டுப் பறித்துத் தருவாளே, அதே பப்பாளி.

"இது பப்பாளில்லா?" என்றேன்.

அத்தானுக்கு ஒரு தங்கை உண்டு. என்னைவிட மூன்று வயது பெரியவள், கான்வென்ட்டில் படிக்கிறவள், ரெட்டைச் சடை. அவள் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டு, "பப்பாளியாம்! இதுக்குப் பேர் பப்பாசி" என்றாள். அக்காவும் சிரித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை. ஆரஞ்சுப்பழத்தைத் தோடம்பழம் என்றார்கள். எலுமிச்சம்பழத்தைத் தேசிக்காய் என்றார்கள். வீட்டில் வேலை செய்த சிங்களப் பெண் கொய்யாவைக் காட்டி "பேர" என்றாள். அவளை மன்னித்துவிட்டேன், அவளுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. வாய் நிறையத் தமிழ் பேசிக்கொண்டு பப்பாளியைப் பப்பாசி என்கிறவர்களைத்தான் மன்னிக்க முடியவில்லை. எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கொடுத்தால்தான் தின்பேன் என்று சொல்லிவிட்டேன். ரெட்டைச் சடை ஒவ்வொரு பழமாக என் மூக்குக்கு நேரே நீட்டி, "பேர் சொன்னால் தருவேன்" என்பாள். நான் வாயை இறுக்கி மூடிக்கொள்வேன். அந்த ஊரில் கண்ட இடத்தில் எல்லாம் பழம். எச்சில் ஊறும். விழுங்கிக்கொள்வேன்.

அத்தானின் அம்மா அதைப் பார்த்து, "சரியான பிடிவாதக்காரி" என்று என் தலையில் குட்டினார். அவர் ஒன்றும் பொல்லாதவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அக்காவைத் தட்டைக்கூடத் தூக்க விடமாட்டார். அவள் எதைத் தின்ன வேண்டும் என்று கேட்டாலும் அடுத்த வேளைக்குள் அது வந்துவிடும். அந்தப் பலாப்பழத்தை அவர் மறக்கவே இல்லை.

கூடத்தில் ஒரு போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது. அத்தானின் அண்ணன் மனைவி. அதற்கு இரண்டு வருடம் முன்னால் அந்த வீட்டின் பின்னறையில் பிரசவத்தின்போது இறந்துபோனார், பிள்ளையும் தங்கவில்லை. இதை ரெட்டைச் சடைதான் எனக்குச் சொன்னாள், அந்த அறைக் கதவின் இடுக்கு வழியே உள்ளே பார்க்கவும் சொன்னாள். உள்ளே ஒரு கட்டில், ஒரு ஜன்னல், அவ்வளவுதான். அந்தக் கட்டிலைத்தான் இப்போது அக்காவுக்காகக் கழுவி வைத்திருந்தார்கள். சாயங்காலம் போட்டோவுக்கு முன்னால் விளக்கு ஏற்றுவது அக்காவின் வேலை. ஏற்றிவிட்டு உடனே வரமாட்டாள். அங்கேயே நின்றுகொண்டிருப்பாள். நான் பல்லாங்குழியைப் பரப்பி வைத்துக்கொண்டு, "சீக்கிரம் வாக்கா" என்று கத்திக்கொண்டிருப்பேன்.

வளைகாப்பு நன்றாகவே நடந்தது. அம்மா ஊரில் இருந்து கொண்டுவந்த வளையல்களை அக்காவின் இரண்டு கையிலும் முழங்கைவரை அடுக்கினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சந்தனம் பூசினார்கள். எல்லாரும் போன பிறகு அம்மா மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

"மதினி, வளையல் போட்டாச்சு. புள்ளையக் கூட்டிட்டுக் கிளம்பலாம்னு இருக்கோம்."

அத்தானின் அம்மா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "எங்கட வீட்டுப் பிள்ளை எங்கட வீட்டிலதான் பிறக்கும்" என்றார்.

அதற்கு அவரிடம் காரணங்கள் இருந்தன. ஏழு மாதப் பிள்ளைக்காரி கப்பலில் குலுங்கினால் என்ன ஆவது என்றார். பிள்ளை இந்த மண்ணில் பிறந்தால்தான் நாளைக்கு இங்கே கடை வைத்துப் பிழைக்க விடுவார்கள் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள் என்றார். இந்தியாவுக்குப் போனவர்கள் திரும்பி வர விசா கிடைக்காமல் அங்கேயே கிடக்கிறார்கள் என்றார். அம்மா தணிந்து பேசிப் பார்த்தாள். குரலை உயர்த்தியும் பார்த்தாள். அழுதும் பார்த்தாள். கடைசியில், "நான் போட்ட வளையலோட என் புள்ளைய இங்கன விட்டுட்டு வெறுங்கையோட போவேன்னு நினைக்காதீக" என்றாள். அக்காவின் பாஸ்போர்ட் அத்தானின் அம்மா அலமாரியில் இருந்தது, அலமாரிச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. அத்தான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. காதில் பஞ்சு இருந்தால் இது ஒரு சௌகரியம்.

மாமா என் அம்மாவிடம் போய், "அக்கா, அவுக சொல்றதுலயும் ஒரு இது இருக்குல்லா" என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நாங்கள் திரும்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது. அம்மா சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டாள். நானும் பழம் தின்னாமல், அம்மாவும் சோறு தின்னாமல், அந்த வீட்டில் எங்கள் இரண்டு பேருடைய பட்டினியும் தனித்தனியே நடந்துகொண்டிருந்தது.

அக்கா மட்டும் எதற்கும் வாய் திறக்கவில்லை. 'போறேன்' என்றும் சொல்லவில்லை, 'இருக்கேன்' என்றும் சொல்லவில்லை. இவள் இந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டாள், பப்பாசிக்காரி, இவளுக்கு எங்களோடு வர இஷ்டமில்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அந்த ஆத்திரத்தில் ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா சோற்றைப் பிசைந்தபடியே இருந்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அத்தை, எனக்கு ஒண்ணு திங்கணும்போல இருக்கு" என்றாள்.

அத்தானின் அம்மா பரிமாறுவதை நிறுத்திவிட்டார். "சொல்லும்மா. என்ன வேணும்?"

"சீத்தாப்பழம்."

"அதென்ன பழம்?"

எங்கள் ஊர்ப் பெயர்! அந்த வீட்டில், எல்லார் முன்னாலும், என் அக்கா வாயால்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவை முந்திக்கொண்டு நான் சொல்ல ஆரம்பித்தேன். மேலே பச்சையாக, முண்டு முண்டாக இருக்கும், பழுத்தால் விரலால் அமுக்கினாலே பிட்டுக்கொள்ளும், உள்ளே வெள்ளை வெளேரென்று சதை, சதைக்குள் கறுப்புக் கொட்டை, எங்கள் ஊருக்கு மேற்கே மலையில் காய்க்கும், புரட்டாசி ஐப்பசியில் கூடை கூடையாக வந்து இறங்கும். அம்மா என் தொடையை நறுக்கென்று கிள்ளினாள். சோற்றுக் கையோடு பேசியதற்குத்தான் கிள்ளுகிறாள் என்று நினைத்து, கையைக் கீழே வைத்துவிட்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.

ரெட்டைச் சடை கைதட்டிச் சிரித்தாள். "அம்மா, இது எங்கட அன்னமுன்னா!"

"அட, அன்னமுன்னாவா? இதுக்குப் போயா சுத்தி வளைச்சீங்க" என்றார் அத்தானின் அம்மா. அவர் முகம் மலர்ந்துவிட்டது. அத்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டுச் சந்தைக்குப் போனார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று எனக்குப் புரியவே இல்லை.

அத்தான் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தார். கூடத்தில் பாயை விரித்து அதில் கொட்டினார். பச்சை, முண்டு முண்டு, ஒன்று வெடித்து வெள்ளைச் சதை வெளியே தெரிந்தது. சந்தேகமே இல்லை. அச்சு அசல் சீத்தாப்பழம்.

ரெட்டைச் சடை ஒன்றை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதுதானே? சொல்லு. இதுக்குப் பேர் என்ன? அன்னமுன்னா. எங்க, சொல்லு பார்ப்போம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பப்பாளியைப் பறித்துக்கொண்டார்கள். எலுமிச்சம்பழத்தைப் பறித்துக்கொண்டார்கள். அக்காவையும் பறித்துக்கொண்டார்கள். சீத்தாப்பழத்தையுமா விட்டுக்கொடுப்பது? முடியாது, நடக்கிற காரியமா?

"இது அது இல்ல" என்றேன்.

"என்னது?"

"இது சீத்தாப்பழம் இல்ல. எங்க ஊருல இருக்கிறது வேற."

அம்மா சடாரென்று நிமிர்ந்தாள். அக்கா கையை நீட்டி ஒரு பழத்தை எடுத்தாள், பிட்டாள், ஒரு சுளையை வாயில் போட்டாள். போட்டதும் முகம் சுளித்துக்கொண்டு உள்ளங்கையில் துப்பினாள். "இல்ல, அத்தை. இது அது இல்ல" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. நான் பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும். என் அக்காவுக்குமா நாக்கு செத்துப்போய்விட்டது? இந்த ஊர்த் தண்ணீர் செய்த வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தான் விடவில்லை. மறுநாள் நீர்கொழும்புப் பக்கம் யார் வீட்டுத் தோட்டத்திலோ போய், தேங்காய் அளவுக்குப் பெரிய பழங்களாகக் கொண்டுவந்தார். மறுபடியும் பாய், மறுபடியும் எல்லாரும். அக்கா ஒரு சுளையைத் தின்றுவிட்டுத் தலையை ஆட்டினாள். அத்தானின் அம்மா அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். சின்னப் பிள்ளை பொய் சொல்லாது என்று நம்புகிற பெரியவர்கள் அந்தக் காலத்தில் நிறைய இருந்தார்கள்.

என்னைக் கையைப் பிடித்துச் சாமி விளக்குக்கு முன்னால் கூட்டிப்போனார். "விளக்கைத் தொட்டுச் சொல்லு. அது இந்தப் பழம் இல்லையா?"

மாமாவின் வெள்ளிக் கை துண்டைப் பிசைந்துகொண்டிருந்தது. சாமி விளக்கைத் தொட்டுப் பொய் சொன்னால் கண் போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஒரு நிமிடம் யோசித்தேன். அப்புறம் எனக்கு வழி கிடைத்துவிட்டது. இவர்கள்தானே ஆரம்பித்தார்கள்? பப்பாளி இல்லை, பப்பாசி என்றார்கள். எலுமிச்சை இல்லை, தேசிக்காய் என்றார்கள். அவர்கள் நியாயம் அவர்களுக்கு.

விளக்கின் தண்டை நன்றாகப் பிடித்துக்கொண்டேன். "சத்தியமா இது சீத்தாப்பழம் இல்ல. இது அன்னமுன்னா. நீங்கதான சொன்னீக!"

ரெட்டைச் சடை வாயைத் திறந்தவள் மூடவில்லை. கண்ணை இறுக்கி மூடி மெதுவாகத் திறந்து பார்த்தேன். இரண்டு கண்ணும் தெரிந்தன.

அத்தானின் அம்மா அப்படியே பாயில் உட்கார்ந்தார். மகனின் காதைப் பார்த்தார். மாலை போட்ட போட்டோவைப் பார்த்தார். பிறகு, கட்டிலைக் கழுவிப் போட்டிருந்த பின்னறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். எழுந்துபோய் அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து வந்து அம்மாவின் கையில் கொடுத்தார்.

"கூட்டிட்டுப் போங்க. அவ ஆசை தீரத் தின்னட்டும். என் பேரப்பிள்ளைக்கு ரெண்டு காதும் நல்லா இருக்கணும்" என்றார். அம்மா பாஸ்போர்ட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, அவருடைய இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு வாரமாக முறைத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது எதற்காகச் சேர்ந்து அழுகிறார்கள் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிளம்பும்போது ரெட்டைச் சடை என் கையில் இரண்டு ஆரஞ்சு கொடுத்தாள். "உங்கட பேரையே சொல்லிக்கொள்" என்றாள். வெற்றி எனக்குத்தான். கப்பலில் அந்த இரண்டையும் நானே தின்றேன். அக்கா அம்மா மடியில் தலை வைத்து, தனுஷ்கோடி வரும்வரை கண் திறக்காமல் தூங்கினாள். கப்பல் எவ்வளவோ குலுங்கியது. அவளுக்குத் தெரியவே இல்லை.

ஊருக்கு வந்ததும் முதல் காரியமாக நான் மாமாவைப் பிடித்தேன். மாமா அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைப்பக்கம் போய், கூடை நிறையச் சீத்தாப்பழம் கொண்டுவந்து இறக்கினார். நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து ஒன்றை எடுத்து, பிட்டு, சத்தியம் செய்து மீட்டுக்கொண்டு வந்தவளுக்கு உரிய பெருமையோடு அக்காவின் வாய்க்கு நேரே நீட்டினேன்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அய்ய, எடுத்துட்டுப் போ ஏட்டி! எனக்கு அது என்னிக்குப் பிடிச்சிருக்கு? வாய்க்குள்ள வழுவழுன்னு. ரெண்டு தடவை அங்கன தின்னதே குமட்டிக்கிட்டு வந்துச்சு."

எனக்கு வந்த ஆங்காரத்தைச் சொல்லி முடியாது. "அப்ப எதுக்குக் கேட்ட? விளக்கைத் தொட்டுல்லா சத்தியம் பண்ணுனேன்! என் கண்ணு போயிருந்தா?" என்று குதித்தேன். அம்மாவும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாதான் முதலில் சிரித்தாள். அப்புறம் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணாடி வளையலெல்லாம் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை. அம்மா அவள் தலையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். என்னை ஏமாற்றியது போதாதென்று என்னை விட்டுவிட்டு அழவும் செய்கிறார்கள் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

பிள்ளை மார்கழியில் பிறந்தது. சுலபமாகப் பிறக்கவில்லை. குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அப்பா அச்சகத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கார் பிடித்து வந்தார். மதுரை ஆஸ்பத்திரியில் கத்தி வைத்துத்தான் எடுத்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்து அம்மாவிடம், "வீட்டுலயே வச்சுப் பார்த்திருந்தா ரெண்டு உயிரும்..." என்று ஏதோ சொன்னார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆம்பிளைப் பிள்ளையாம், நல்ல எடையாம், அக்காவும் சுகமாம், இதற்கு ஏன் இப்படி உட்கார வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

என் கவலை வேறு. அக்கா ஆசைப்பட்டுக் கேட்ட பழத்தை ஊருக்கு வந்தும் தின்னவே இல்லை. அப்படியானால் இந்தப் பிள்ளைக்குக் கட்டாயம் காது வடியப் போகிறது. பழி என் தலையில் விழும், சத்தியம் செய்தவள் நான். தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தொட்டிலுக்குப் போய், துணியை விலக்கி, பிள்ளையின் இரண்டு காதையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். வலது காது, இடது காது. காய்ந்தே இருந்தன. நாற்பதாம் நாளும் காய்ந்தே இருந்தன. ஆசைப்பட்டது கிடைத்தால்தானே காது வடியாமல் இருக்கும்? அக்காதான் சீத்தாப்பழத்தைத் தொடவே இல்லையே, அப்புறம் எப்படி? எவ்வளவோ யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.